இருக்கைக்குப் பின்னால் ஒரு விரற்கடை

நான் ஒரு சந்தேகப் பிராணி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவள். டாக்டர் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பவள். உங்களில் பாதிப் பேர் இப்படித்தான் என்பது எனக்குத் தெரியும். பாகிஸ்தானோடு சண்டை நடந்த வருஷம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாம் வேறு எப்படி இருப்போம்? விளக்கு வெளியே தெரியாமலிருக்க ஜன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாளை ஒட்டினார்கள். புது ஆளைக் கண்டால் பெரியவர்களிடம் சொல்லச் சொன்னார்கள். மற்ற பாடங்களில் நான் சுமார்தான். அந்தப் பாடத்தை மட்டும் நன்றாகப் படித்துவிட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. விழுப்புரத்தில் ரயில்வே வீடு. அப்பா ஜங்ஷனில் பார்சல் கிளார்க். மூட்டை வந்தால் அப்பா முதலில் தட்டுவார், பிறகு முகர்வார், பிறகுதான் சீட்டைப் படிப்பார். "வெங்காயம்னு எழுதிக்கிறான். வெங்காயம் இந்த மாதிரி உருளாதே" என்பார். பிரித்துப் பார்த்தால் பல தடவை வெங்காயம்தான் இருக்கும். அதனால் அவருடைய சந்தேகம் குறைந்ததில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டு விலாசத்துக்குத்தான் மாமாவின் சீமைப் பொட்டலங்கள் வந்தன. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. திண்டிவனத்தில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் கொட்டகையில் எண்ணும் பெயரும் எழுதுகிற வேலை. அதற்கு முன் சில வருஷம் விமானப்படையில் வயர்லெஸ் வேலை பார்த்தவர். பகலில் அவர் அறை பூட்டிக் கிடக்கும், தபால்காரர் திரும்பிப் போய்விடுவார். ஆகையால் எங்கள் விலாசம். அனுப்புகிறவர் அவரோடு படையில் இருந்த சிநேகிதர்; எங்கள் ஊர் என்ஜின் டிரைவர் ஒருவரின் மகன். சட்டைக்காரர்கள் என்று ஊரார் அழைத்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம். பல குடும்பங்களைப் போல அவர்களும் எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பல் ஏறிப் போயிருந்தார்கள்.

அம்மாவுக்கு வேறு சந்தேகம். பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோய், "இது பொம்பள கையெழுத்து மாதிரி இல்ல?" என்பாள்.

"ஆம்பள கையெழுத்துதான். ஆனா அவன் எதுக்கு இவ்ளோ அழகா எழுதறான்?" என்பார் அப்பா.

மாமா ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் வந்து எங்கள் எதிரிலேயே பிரிப்பார். தீப்பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் புளியங்கொட்டை அளவில் ஒரு நாற்காலி, இடுப்புப் பட்டையெல்லாம் வைத்தது. குன்றிமணி அளவில் இரண்டு கறுப்புச் சக்கரம். தபால்தலை அளவுக்கு ஒரு தாள். அதில் கடுகு கடுகாகப் பத்துப் பதினைந்து கடிகாரங்கள், முள் உட்பட. விமானத்தில் ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கிற கடிகாரங்களாம். இன்னொரு தாளில் வட்டச் சின்னங்களும் எண்களும் இருக்கும். பித்தளை டம்ளர் தண்ணீரில் போட்டால் சின்னம் மட்டும் தோல் போலக் கழன்று மிதக்கும். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை ஊசியால் நகர்த்துவார். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அப்பா மட்டும், "ஆளே உக்கார முடியாத நாற்காலிய சீமைலேர்ந்து தருவிக்கிறான் பாரு" என்று வெளியே போய்விடுவார்.

அந்தச் சாமான்களைத் தவிர, பொம்மை விமானத்துக்கு மற்றதெல்லாம் மாமா தானே செய்வது. அதை நான் அந்த வருஷக் கோடை விடுமுறையில் அம்மாவோடு போனபோது பார்த்தேன். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டிக்கு மேலே அவர் அறை; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கீழே மூட்டை உதறும்போதெல்லாம் செம்மண் தூசு படியேறி வரும். ஈர வண்ணத்தில் தூசு ஒட்டிவிடும் என்று, மண்டி மூடியிருக்கும் நாளில்தான் வண்ணம் பூசுவார். அறை முழுக்கப் பழுத்த வாழைப்பழ வாசனை அடிக்கும். எங்கே பழம் என்று நான் கட்டிலுக்கடியில் எல்லாம் தேடினேன். அது பசை வாசனையாம்.

மேசையில் ஒரு விமானம் இருந்தது. படையில் தான் வேலை பார்த்த விமானம், வேம்பயர் என்று பெயர் சொன்னார். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கிராமபோன் ஊசியால் கோடு கீறியது. அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இறக்கை நுனிக்கு நுனி முக்கால் சாண். "அசலுக்கும் முன்பாதி பலகைதான் பாப்பா" என்றார். நான் நம்பவில்லை. பலகையில் எவனாவது பறப்பானா? சுவரோரம் விமானப் படப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் மேலிருந்து, கீழிருந்து, பக்கத்திலிருந்து என்று ஒரே விமானத்தை மூன்று விதமாக வரைந்திருந்தார்கள்.

விமானம் முடிந்துவிட்டது போலத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் ஓட்டுகிறவர் உட்காரும் குழி காலியாக இருந்தது. நாற்காலி தீப்பெட்டியிலேயே கிடந்தது. இதைத்தான் அம்மாவும் கேட்டாள்: "எல்லாம் பண்ணிட்ட, நாற்காலிய மட்டும் ஏன்டா வெக்காம இருக்க?"

மாமா தீப்பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் புத்தகம் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். நம் காலத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது.

"அக்கா, படைல இருந்தப்ப ஒரு நாள் காலைல என் பெட்டில ஒரு ஸ்க்ரூடிரைவர் கொறைஞ்சிது. வேலை முடிஞ்சதும் எண்ணிப் பாத்துக் கையெழுத்து போடணும், அதான் சட்டம். தேடினேன், கெடைக்கல. பக்கத்துப் பெட்டிலேர்ந்து ஒண்ண எடுத்து வெச்சிட்டு, எல்லாம் சரியா இருக்குதுன்னு கையெழுத்து போட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல நான் வேலை பாத்த பிளேன் ஏறிச்சி. ஏறினது திரும்பி வர்ல."

"உம்மேலயா சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. காரணம் தெரியலன்னு எழுதி முடிச்சிட்டாங்க. ஓட்டினவரு சின்னப் பையன்க்கா. காலைல எங்கிட்ட வந்து தீப்பெட்டி கேட்டாரு."

இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு உண்டாம். கையை விட்டுத் தடவித்தான் அங்கே வயர்லெஸ் வேலை செய்ய முடியும். உள்ளே ஒரு தகடு தட்டுப்படும். அந்தத் தகடு அடிவரை போகிறதா, கீழே சந்து இருக்கிறதா என்று மாமா கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் வேறு ஆட்களின் வேலை. தகடு அடிவரை இருந்தால், கீழே விழுந்த சாமான் அங்கேயே கிடக்கும். யாருக்கும் கெடுதல் இல்லை.

"சந்து இருந்தா?" என்றாள் அம்மா.

"அந்தாண்ட ஓட்டறவரு இழுக்கிற கம்பிங்க ஓடுது. அதுல போயி மாட்டிக்கும். நானும் அளந்து அளந்து பாக்கறேன். இதுல ஒரு நூல் கனம் பிசகினா அசலுல ஒரு விரக்கடை. இந்த மூணு பக்கப் படத்த வெச்சிக்கினு உள்ள இருக்கறதக் கண்டுபிடிக்க முடியல. பிளேனைக் குறுக்கால வெட்டிக் காட்டின படம் ஒரு புஸ்தகத்துல வந்திருக்குதாம். என் சிநேகிதன் அனுப்பறேன்னு எழுதிக்கிறான். அது வந்தா தெரிஞ்சிடும்."

"போனது போச்சி, விடேன்டா."

"எப்டிக்கா விடறது?"

இவ்வளவு காலமும் பொம்மை செய்கிறார் என்று நினைத்திருந்தோம். நாற்காலியும் கடிகாரமும் சக்கரமும் வாங்கி அவர் கட்டிக்கொண்டிருந்தது அந்த ஒரு காலைப்பொழுதை. இதை இன்று சொல்கிறேன். அன்று எனக்குப் பயம்தான் வந்தது. மாமா பொய்க் கையெழுத்துப் போட்டவர் என்பது மட்டும் மனதில் நின்றது.

அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆறுதலுக்காகத்தான் சொல்லியிருப்பாள். சொல்லியிருக்க வேண்டாம்.

பிறகு சண்டை வந்தது. எங்கள் ஊருக்கும் எல்லைக்கும் எத்தனை தூரம் என்று யாரும் கேட்கவில்லை. ஜங்ஷன் என்பதால் முதல் குண்டு நமக்குத்தான் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் பேசிக்கொண்டோம். பாராசூட்டில் ஆள் இறங்குகிறான் என்று ஒரு பேச்சு. செஞ்சி மலையில் விளக்கு தெரிந்தது என்று இன்னொரு பேச்சு.

அந்த நேரத்தில் வடக்கேயிருந்து ஒருவர் ரயிலிலிருந்து இறங்கினார். செருப்பு இல்லை. கையில் ஒரு தாள். அதில் மலையும் சாலையும் பேனாவால் வரைந்திருந்தது. அதைக் காட்டி இந்தியில் ஏதோ வழி கேட்டிருக்கிறார். போதாதா? நாலு பேர் பிடித்து இழுத்து வந்து பார்சல் ஆபீசில் விட்டார்கள். அப்பா அவரை எடை போடும் மேடையிலேயே உட்கார வைத்துவிட்டார். நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், வாசலில் நின்று பார்த்தேன். அவர் அசைய அசைய முள்ளும் அசைந்தது. "ஜல்தி சொல்லு, யாரு அனுப்பனது?" என்று ஒரு போர்ட்டர் அதட்டினார். கடைசியில் மேல்சித்தாமூர் மடத்திலிருந்து ஆட்கள் வந்து, இவர் சமணக் கோயிலுக்கு வந்த யாத்ரீகர் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். மலை வரைந்தது வழி தவறாமலிருக்க. போகும்போது அவர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். அப்பாவுக்கு அதிலும் சந்தேகம். "எதுக்குக் கும்புடறான்?" என்றார் வீட்டுக்கு வந்து.

அதே வாரம் பொட்டலம் வந்தது. இந்த முறை தட்டையாக, கனமாக. மாமா வரும்வரை காத்திருப்பதுதான் வழக்கம். அன்று அப்பா முற்றத்தில் உட்கார்ந்து சணலை அறுத்தார். உள்ளே ஒரு புத்தகம், அதற்குள் நாலாக மடித்த பெரிய வழவழப்பான தாள் ஒன்று, ஒரு கடிதம். அப்பா ஆங்கிலத்தை விரல் வைத்துப் படிப்பவர். ஒரு வரியில் விரல் நின்றது. நின்ற இடத்திலேயே தமிழில் சொன்னார்: "உங்க பக்கம் பறக்கிற விமானங்களுக்கு இப்ப என்ன வண்ணம், என்ன நம்பர், பார்த்து எழுதி அனுப்பு."

விமானம் செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வது அதைத்தான். வேறென்ன கேட்பார்கள்? ஆனால் அந்த மாதத்தில் அதை யார் கேட்டாலும் ஒரே அர்த்தம்தான்.

"அது அவன் காத்துக்கினு இருந்த புஸ்தகம்ங்க" என்றாள் அம்மா.

"தெரியும். ஒரு தடவ பொய்க் கையெழுத்து போட்டவன் எது வேணா பண்ணுவான். போலீசு வந்து கேட்டா இந்த வெலாசத்துல யாரு இருக்கிறது? நானா, அவனா? ஜங்ஷன்ல வேலை பாக்கறவன் வீட்ல இது இருக்கலாமா?"

தன் வாயால் போனதுதான் இப்படித் திரும்பி வந்திருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்தது.

பின்கட்டில் குளிக்கத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா ஏடு ஏடாகக் கிழித்து அடுப்பில் போட்டார். வழவழப்பான தாள் லேசில் எரியாது; சுருண்டு பச்சையும் நீலமுமாகப் புகைந்தது. கடிதமும் போயிற்று. அந்தக் கடிதத்தின் மேல் மூலையில் தேதி இருந்தது. கப்பலில் வந்த தபால், சண்டைக்கு இரண்டு மாதம் முன்னால் எழுதியது. நாள் முழுக்கத் தேதி பார்த்து முத்திரை குத்துகிற மனிதர் அன்று தேதியைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா புத்தகத்தில் மும்முரமாக இருந்தபோது அந்த மடித்த பெரிய தாளை நான் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன். மாமாவுக்காகக் காப்பாற்றினேன் என்று பிற்பாடு பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அப்போது வழவழப்பான வெளிநாட்டுத் தாளில் நோட்டுக்கு அட்டை போட்டவள்தான் வகுப்பில் ராணி. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். என் அறிவியல் நோட்டின் அட்டை கிழிந்திருந்தது. படம் உள்பக்கம் போகும்படி மடித்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியப் போட்டேன். மடிக்கும் முன் ஒரு தடவை பார்த்தேன். மீன் முள் மாதிரி கோடுகள், நடுவில் ஒரு நாற்காலி. முதுகு உறுதியாக இருக்கட்டும் என்று மைதாப் பசையைத் தாராளமாகத் தடவினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். "எதுவும் வர்லன்னு சொல்லணும்" என்று அப்பா காலையிலேயே சொல்லி வைத்திருந்தார். அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா பேப்பரை உயர்த்திப் பிடித்திருந்தார். கேட்பதற்கு நான்தான் மிச்சம்.

"பாப்பா, தபால் ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்ல மாமா."

நோட்டு என் மடியில்தான் இருந்தது. அவர் முழங்காலுக்கும் அதற்கும் ஒரு முழ தூரம் இருக்காது. எடுத்து நீட்டியிருக்கலாம். அப்பாவுக்குப் பயந்தேன் என்று சொன்னால் நம்புவீர்கள். அதைவிட வெட்கமானது ஒன்று உண்டு. மாமா உளவாளியாக இருக்கலாம் என்று நானும் நினைத்தேன். எனக்குக் கடிகாரம் காட்டி, டம்ளர் தண்ணீரில் சின்னம் மிதக்கவிட்ட மனிதரை நான் பத்து வயதில் உளவாளி என்று நினைத்தேன். அவர் எனக்காகக் கொண்டுவந்திருந்த வறுத்த மல்லாட்டையைத் தின்றுகொண்டே நினைத்தேன்.

சண்டை நின்றது. கறுப்புத் தாள் கிழிந்து தொங்கியது. யாரும் புதிதாக ஒட்டவில்லை. மாமா ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். நாளாக ஆக அவர் கேட்கும் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது.

முழுப் பரீட்சை முடிந்து நோட்டுகளைக் கழித்தபோது அந்த அட்டையைப் பிரித்தேன். அடுத்த வாரம் அம்மா மாமாவைப் பார்க்கத் திண்டிவனம் புறப்பட்டபோது நானும் வருவேன் என்று அடம் பிடித்தேன். தாள் பாவாடைக்குள், முதலில் ஒளித்த அதே இடத்தில். விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போகப் போகத் தாளை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அறைக்குள் போனதும் தாளை மேசையில் வைத்தேன். புத்தகம் வந்தது, அடுப்பில் போனது, நான் பொய் சொன்னது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அழுதேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா அப்பாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை விரிப்பதில்தான் இருந்தார்.

விமானம் முழுசாகப் பிளந்து கிடந்தது. சக்கரம், கடிகாரங்கள், கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். நடு மடிப்பில், நாற்காலிக்குப் பின்னால், கட்டைவிரல் நீளத்துக்கு ஓட்டை. நான் பசை தடவிய இடம். பசைக்கு வந்த கரப்பான் தாளையும் சேர்த்துத் தின்றிருந்தது. ஓட்டை வழியாக மேசைப் பலகை தெரிந்தது.

மாமா கடிகாரக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸை எடுத்து வைத்துக் குனிந்தார். கீழே மண்டியில் மூட்டை உதறிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நேரம் ஒரு மனிதர் அசையாமல் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நிமிர்ந்தபோது சிரித்தார்.

"தெரிஞ்சிடுச்சி பாப்பா. தகடு அடி வரைக்கும் போவுது. நான் இல்ல."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். மாமா தீப்பெட்டியைத் திறந்து, அந்தப் புளியங்கொட்டை நாற்காலியை எடுத்து, குழிக்குள் வைத்து ஒட்டினார். மேலே கண்ணாடி மூடியைப் பொருத்தினார். "முடிஞ்சிடுச்சி. இது உனக்கு" என்று விமானத்தை என் கையில் கொடுத்தார். ரயிலில் திரும்பும்போது நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போலிருந்தது. விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

அது எங்கள் வீட்டு ரேடியோவின் மேல் பல வருஷம் நின்றது. விருந்தாளிகளிடம் அப்பாவே, "எங்க மச்சான் பண்ணது. சீமைச் சாமான்லாம் போட்டு" என்று காட்டுவார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் அப்பா இல்லாத நேரத்தில் தபால்காரர் ஒரு நீல ஏர் லெட்டரைக் கொடுத்தார். மாமா தன் சிநேகிதருக்கு அனுப்பியது, ஆள் அந்த விலாசத்தில் இல்லை என்று சீமையிலிருந்து திரும்பியிருந்தது. பின்பக்கத்தில் வழக்கம்போல எங்கள் விலாசம். அப்பா கண்ணில் பட்டால் மறுபடியும் வம்பு என்று என் தகரப் பெட்டியின் அடியில் போட்டேன். மாமாவிடம் தனியாகக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு மறந்தும் போனேன்.

ஒன்பதாவது படிக்கும்போது ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விமானத்தின் கண்ணாடி மூடி கையோடு வந்துவிட்டது. உடைத்துவிட்டேனோ என்று பதறிப் பார்த்தால், மூடியின் விளிம்பு சுத்தமாக இருந்தது. பசையே போடவில்லை. மற்ற ஒவ்வொரு துணுக்குக்கும் பசை போட்டவர் அதை மட்டும் சும்மா வைத்திருக்கிறார், திறக்க வசதியாக. அந்த நிமிஷம்தான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. அவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று இன்றும் தெரியவில்லை. தாளே இல்லாத இடத்தில் மாமா எதைப் பார்த்தார்?

தகரப் பெட்டியைத் திறந்து ஏர் லெட்டரைப் பிரித்தேன். அதற்குள் எனக்கு ஆங்கிலம் படிக்க வந்திருந்தது. அப்பாவைப் போலவே விரல் வைத்துப் படித்தேன். "என் அக்கா மகள் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் தேடும் இடத்தை மட்டும் பூச்சி தின்றுவிட்டது. இன்னொரு பிரதி கிடைத்தால் அனுப்பு. பதிலில் இதைப் பற்றி எதுவும் எழுதாதே. தபால் அவள் வீட்டுக்குத்தான் வரும். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

கடிதத்தை அவரிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவர் எனக்காகச் சொன்ன பொய் வீணாகிவிடும். இப்படித்தான் அன்று நியாயம் சொல்லிக்கொண்டேன். இதையும் இப்போது நான் முழுக்க நம்புவதில்லை. இன்று இணையத்தில் தேடினால் அந்தப் படம் கிடைத்துவிடும் என்கிறான் என் மகன். தேடாதே என்று சொல்லிவிட்டேன். கேட்க வேண்டியவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று.

சாகும் வரைக்கும் மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மல்லாட்டைப் பொட்டலத்தை என் கையில் கொடுப்பார். ரேடியோ மேலிருக்கும் விமானத்தை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு சும்மா கேட்பது போலக் கேட்பார்.

"பாப்பா, தபால் ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்ல மாமா."

முதல் தடவை அப்பா சொல்லச் சொன்னார், சொன்னேன். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு சொன்னதெல்லாம் நானாகச் சொன்னது.